சுறா, திருக்கை, உளுவை: சேலத்துக்காரர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள்

சேலத்திலிருந்து கடலைப் பார்க்க ஏறக்குறைய இருநூறு கிலோமீட்டர் போக வேண்டும். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை சூரமங்கலம் மீன் மார்க்கெட்டுக்குப் போனால் ஐஸ் பெட்டிக்குள் சுறா கிடக்கிறது, திருக்கை இறக்கையை விரித்துக் கிடக்கிறது. முப்பது வருடம் விலங்கியல் நடத்தியவன் என்பது தெரிந்துபோனதால் நான் பையோடு நின்றாலே யாராவது ஒரு கேள்வி கேட்பார்கள். பெரும்பாலும் அதே கேள்விகள்தான். அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

சுறாவுக்கு முள்ளே இல்லையே, அது மீன்தானா?

மீன்தான். செவுளால் மூச்சுவிடுகிறது, துடுப்பால் நீந்துகிறது. ஆனால் கட்லா, வஞ்சிரம், மத்தி எல்லாம் எலும்பு மீன்கள். சுறா குருத்தெலும்பு மீன். உங்கள் காது மடலை மடக்கிப் பாருங்கள், அதற்குள் இருப்பதுதான் குருத்தெலும்பு. சுறாவுக்கு மண்டையோடு, தாடை, முதுகுத்தண்டு எல்லாமே அதே சரக்கு.

"அப்ப குழம்புல வட்டமா, வெள்ளையா ஒண்ணு வருதே, அது எலும்பில்லையா?" என்று கேட்பார்கள். அது முதுகெலும்பின் ஒரு கணு. குருத்தெலும்பின் மேல் சுண்ணாம்புச் சத்து படிந்து கெட்டியானது. கடித்தால் நொறுங்கும். அதைக் குறுக்கே மெல்லிசாக அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தால் மரத்தின் வளையம் மாதிரி வளையங்கள் தெரியும். சுறாவின் வயதை அப்படித்தான் கணக்கிடுகிறார்கள். சாப்பிட்டு முடித்த தட்டில் கிடப்பது ஒரு பிறப்புச் சான்றிதழ் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

திருக்கையும் சுறாவும் சொந்தமா? பார்க்க ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லையே.

நெருங்கிய சொந்தம். குருத்தெலும்பு மீன்களில் இரண்டு பெரிய கிளைகள் உண்டு. ஒன்றில் சுறாக்களும் திருக்கைகளும் சேர்ந்து இருக்கின்றன. இன்னொன்றில் கைமீரா என்னும் ஆழ்கடல் மீன்கள். ஐம்பது சொச்சம் இனங்கள், அவற்றை சேலத்தில் நீங்கள் பார்க்கப்போவதில்லை, விட்டுவிடலாம். உலகில் சுறா ஐந்நூறு இனங்களுக்கு மேல். திருக்கை வகைகள் அறுநூறுக்கு மேல். பெயர் பெற்றது சுறா, ஆனால் எண்ணிக்கையில் தலைக்கட்டு அதிகம் திருக்கை வீட்டில்தான்.

ஒரு சுறாவைத் தரையில் போட்டு மேலிருந்து அழுத்தித் தட்டையாக்கினால் திருக்கை வரும் என்று வகுப்பில் சொல்வேன். மார்புத் துடுப்புகள் இரண்டும் அகன்று, தலையோடு ஒட்டி, நாம் 'இறக்கை' என்று சொல்லும் தட்டாகிவிட்டன.

இரண்டையும் பிரித்துச் சொல்ல உடம்பின் வடிவத்தை நம்பாதீர்கள். செவுள் பிளவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கழுத்தின் பக்கவாட்டில் இருந்தால் சுறா. புரட்டிப் போட்டால் அடிவயிற்றுப் பக்கம் தெரிந்தால் திருக்கைக் கூட்டம். இந்த ஒரு விதி பெரிய பெரிய குழப்பங்களைத் தீர்த்துவிடும்.

உளுவையை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பாதி திருக்கை போலத் தட்டை, பின்பாதி சுறா போல உருண்டை, முதுகில் இரண்டு துடுப்பு. கடைக்காரர் சுறா என்றுதான் விற்பார். புரட்டினால் செவுள் அடியில் இருக்கும். ஆகவே அது திருக்கைக் கூட்டம். வேளா மீனும் அப்படித்தான். மூக்கு நீண்டு இரண்டு பக்கமும் பல் வைத்த ரம்பமாக இருக்கும். உடம்பு அச்சு அசலாகச் சுறா, ஆனால் செவுள் அடியில். வேடிக்கை என்னவென்றால், இதே மாதிரி ரம்ப மூக்கு வைத்த உண்மையான சுறாவும் வேறு கடல்களில் உண்டு. அதற்குச் செவுள் பக்கவாட்டில், மூக்கின் நடுவில் இரண்டு மீசை. ரம்பம் இரண்டு வீட்டிலும் தனித்தனியாகத் தோன்றியது. ஒருவரைப் பார்த்து இன்னொருவர் எடுத்துக்கொண்டதல்ல.

ஸ்கேட் என்று புத்தகத்தில் போட்டிருக்கிறதே, அதற்குத் தமிழில் என்ன?

தனிப்பெயர் நம் மார்க்கெட்டில் கிடையாது; திருக்கை என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாம் அடங்கிவிடுகிறது. வித்தியாசம் இருக்கிறது. ஸ்கேட் முட்டையிடும், திருக்கை குட்டி போடும். ஸ்கேட்டின் வால் கொஞ்சம் தடித்தது, நுனியில் சிறு துடுப்புகள் இருக்கும், விஷமுள் இருக்காது. குளிர்ந்த நீரிலும் ஆழத்திலும்தான் அதிகம் வாழ்கிறது. நம் வலையில் விழுவது பெரும்பாலும் திருக்கை என்பதால் நம் பாட்டன்மாருக்கு இரண்டு பெயர் தேவைப்படவில்லை.

சுறாக்களை மொத்தம் எத்தனை வரிசையாக (ஆர்டர்) பிரித்திருக்கிறார்கள்? பரீட்சைக்கு வேண்டும்.

பரீட்சைக்கு என்றால் பாடப்புத்தகத்தில் இருப்பதை எழுது தம்பி. எட்டு என்பாரும் ஒன்பது என்பாரும் உண்டு, ஆசிரியருக்கு ஆசிரியர் மாறும்.

புரிந்துகொள்ள வேண்டுமானால் இப்படி வைத்துக்கொள். சுறாக்களில் மிகப் பெரிய வரிசை, நம் பால் சுறா, புலிச்சுறா, கொம்பன் சுறா எல்லாம் சேர்ந்தது. மொத்தச் சுறா இனங்களில் பாதிக்கு மேல் இதில்தான். கண்ணை மூட ஒரு மெல்லிய மூன்றாம் இமை இவற்றுக்கு உண்டு. வெள்ளைச் சுறா இன்னொரு வரிசை. திமிங்கலச் சுறாவும் பாறையோரம் படுத்துக்கிடக்கும் சிறு சுறாக்களும் வேறொரு வரிசை. பேருந்து நீளம் உள்ளதும் முழங்கை நீளம் உள்ளதும் ஒரே வீட்டில். முதுகுத் துடுப்புக்கு முன்னால் முள் வைத்தவை ஒன்று. தட்டையாகி மணலில் புதைபவை ஒன்று. எல்லாச் சுறாவுக்கும் செவுள் பிளவு ஐந்து என்று மனப்பாடம் செய்திருப்பாய். ஆறும் ஏழும் உள்ள பழைய வரிசை ஒன்று உண்டு, அது ஆழ்கடல்வாசி.

திருக்கைப் பக்கம் நான்குதான்: முள் வால் திருக்கைகள், ஸ்கேட்டுகள், மின் திருக்கைகள், உளுவையும் வேளாவும் சேர்ந்த கூட்டம்.

பால் சுறா என்பது எது? சின்னச் சுறா எல்லாமே பால் சுறாவா?

இதைத்தான் நான் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு பெயரில் நம்மூர் முழுக்க ஏமாந்துகொண்டிருக்கிறது. ஏமாற்றுபவர் என்று யாரும் இல்லை. விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

உண்மையான பால் சுறா என்று ஓர் இனம் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு மீட்டர் அளவில் நின்றுவிடும் மெலிந்த சுறா. நீண்ட மூக்கு, பெரிய கண், வாய் ஓரத்தில் உதட்டு மடிப்பு தெளிவாகத் தெரியும். ஆங்கிலத்திலும் அதன் பெயர் 'மில்க் ஷார்க்'தான். அந்தப் பெயர் வந்ததே இதைத் தின்றால் தாய்ப்பால் ஊறும் என்ற இந்திய நம்பிக்கையால். நம் வீட்டுப் பேச்சு அப்படியே உலகப் பெயராகிவிட்டது.

ஆனால் சேலத்தில் 'பால் சுறா' என்றால் கைக்கு அடக்கமான எந்தச் சுறாவும். அதில் கூர்மூக்குச் சிறு சுறா ஸ்கோலியோடான் இருக்கும், அது வளர்ந்தாலே அவ்வளவுதான். வாலில் கறுப்புப் புள்ளி வைத்த சுறாவின் குட்டி இருக்கும். ஆளை விட நீளமாக வளரக்கூடிய இனங்களின், பிறந்து சில மாதங்களே ஆன குட்டிகளும் இருக்கும். ஒரு முறை தலை வெட்டாத கூட்டத்தில் இரண்டு கொம்பன் சுறாக் குட்டிகளைப் பார்த்தேன். சுத்தியல் தலை அவ்வளவு சின்னதாக, அவ்வளவு ஒழுங்காக இருந்தது. "இது பால் சுறா இல்லைங்க அக்கா" என்றேன். "தலைய வெட்டிட்டா எல்லாம் பால் சுறாதான் வாத்தியாரே" என்றார் அந்தம்மா. அவர் சொன்னதில் பொய் இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், மத்தி லட்சம் முட்டை கொட்டும் மீன்களின் கட்சி. நாலு குட்டி தப்பினால் போதும். பால் சுறா ஏறக்குறைய ஒரு வருடம் சுமந்து இரண்டு முதல் ஐந்து குட்டி போடும், மிஞ்சிப் போனால் எட்டு. பெரிய சுறாக்களில் பல, பத்து வயதுக்கு மேல்தான் முதல் குட்டியே போடுகின்றன. மாட்டுக்கொட்டகைக் கணக்கை வைத்துச் சுறாவைப் பார்க்க வேண்டும், மீன் பண்ணைக் கணக்கை வைத்துப் பார்க்கக் கூடாது. கன்றுகளையே விற்றுக்கொண்டிருந்தால் கொட்டகையில் மாடு எப்படி மிஞ்சும்?

தலையோடு வாங்குங்கள். பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. தலையோடு கேட்கும் ஆள் நாலு பேர் இருந்தால், பார்த்துப் பழகிய கண்ணும் நாலு இருக்கும்.

பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுத்தால் பால் ஊறுமா?

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி என் வீட்டிலேயே சண்டை வந்திருக்கிறது.

பச்சை உடம்புக்காரிக்குச் சுறாப்புட்டு என்பது மூன்று தலைமுறைப் பழக்கம். அதில் நியாயமும் உண்டு. முள் இல்லை, சீக்கிரம் செரிக்கும், நல்ல புரதம், கூடவே பூண்டு, இஞ்சி, மிளகு. பிரசவித்த பெண்ணுக்கு இப்படி யாராவது பார்த்துப் பார்த்துச் சமைத்துப் போட்டால் உடம்பு தேறத்தான் செய்யும். ஆனால் சுறாவில் பாலைப் பெருக்கும் தனிப்பொருள் ஏதும் இருப்பதாக நம்பத்தகுந்த சான்று இல்லை. பால் ஊறுவது குழந்தை அடிக்கடி சப்புவதால்.

மறுபக்கம் ஒன்று இருக்கிறது. கடலில் கலந்த பாதரசம் நுண்ணுயிர்களால் மெத்தில் பாதரசமாக மாறி, சின்ன மீனில் கொஞ்சம், அதைத் தின்ற மீனில் அதைவிடக் கூடுதல் என்று படிப்படியாக ஏறி, கடைசியில் உச்சியில் இருக்கும் சுறாவின் சதையில் வந்து சேர்கிறது. எவ்வளவு பெரிய, வயதான சுறாவோ அவ்வளவு கூடுதல். சமைத்தால் போகாது. அது வளரும் மூளையைத்தான் முதலில் தாக்கும். அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்களும் தவிர்க்க வேண்டிய மீன்களின் பட்டியலில் சுறாவைச் சேர்த்திருக்கிறது. நாம் யாருக்கென்று தேடிப்பிடித்துக் கொடுக்கிறோமோ, அவர்களுக்குத்தான் வேண்டாம் என்கிறார்கள்.

சின்னச் சுறாவில் பாதரசம் குறைவு என்பது உண்மை. ஆனால் வெட்டிய துண்டில் எது சின்னது, எது பெரியதின் வால்பகுதி என்று எப்படித் தெரியும்? நெத்திலி, மத்தி இரண்டும் நல்ல புரதம், நல்ல கொழுப்பு, பாதரசம் மிகக் குறைவு. நெத்திலியில் புட்டு செய்தால் அசல் புட்டு போலவே வரும். மாமியார் கேட்டால் சுறா என்று சொல்லிவிடுங்கள்.

சுறாவில் ஏன் மூத்திர வாடை அடிக்கிறது? கெட்டுப்போனதா?

பாதி கேள்வியிலேயே விடை இருக்கிறது. அது யூரியாதான்.

உப்புத்தண்ணீரில் வாழும் எந்த உயிருக்கும் ஒரு தொல்லை: உடம்பைவிட வெளியே உப்பு அதிகம் என்றால், உடம்புத் தண்ணீர் வெளியே இழுபட்டுக்கொண்டே இருக்கும். மாங்காய்த் துண்டில் உப்பைப் போட்டால் தண்ணீர் விடுகிறதே, அதே கதை. எலும்பு மீன்கள் கடல்நீரைக் குடித்து, உப்பைச் செவுள் வழியாக வெளியே தள்ளிச் சமாளிக்கின்றன. சுறா வேறு வழி கண்டது. நாம் கழிவென்று வெளியே அனுப்பும் யூரியாவை அது இரத்தத்திலும் சதையிலும் சேமித்து, உள்ளிருக்கும் அடர்த்தியைக் கடல்நீருக்குச் சமமாக, ஒரு பிடி கூடுதலாகவே வைத்துக்கொள்கிறது. நம் இரத்தத்தில் இருப்பதைவிடப் பல பத்து மடங்கு யூரியா. அவ்வளவு யூரியா புரதத்தைக் கெடுத்துவிடும் என்பதால், அதை அடக்க இன்னொரு வேதிப்பொருளையும் கூடவே வைத்திருக்கிறது. மிச்ச உப்பை வெளியேற்றக் குடலின் கடைசியில் ஒரு தனிச் சுரப்பி. திருக்கைக்கும் இதே ஏற்பாடு.

உயிரோடு இருக்கும்வரை வாடை கிடையாது. செத்த பிறகு பாக்டீரியா அந்த யூரியாவை அம்மோனியாவாக உடைக்கிறது. நமக்கு மூக்கில் ஏறுவது அந்த அம்மோனியா. இராமேஸ்வரத்திலோ நாகப்பட்டினத்திலோ பிடித்தது லாரி ஏறி இங்கே வருவதற்குள் ஐஸ் கொஞ்சம் உருகினாலும் வேலை ஆரம்பித்துவிடும். ஆகவே லேசான வாடை என்றால் சுறாவின் இயல்பு. கண் எரிகிற அளவுக்கு என்றால் நாள்பட்டது, வாங்காதீர்கள்.

வீட்டில் செய்யும் வைத்தியம் சரியான வேதியியல். அம்மோனியா காரத்தன்மை உள்ளது; புளிக்கரைசல், எலுமிச்சை, மோர் மூன்றும் புளிப்பு, அதாவது அமிலம். ஊறவைத்துக் கழுவினால் வாடை அடங்குகிறது. யூரியா தண்ணீரில் கரையும், அதனால் இரண்டு மூன்று தண்ணீர் மாற்றிக் கழுவுவதும் சரி. திருக்கைக் குழம்புக்குப் புளியைத் தூக்கலாக விட்ட கிழவி எந்தக் கல்லூரிக்கும் போனதில்லை.

வெந்நீர் ஊற்றிச் சுரண்டினால் மணல் மணலாக வருகிறதே, அது கடல் மணலா?

மணல் இல்லை, பல். சுறாவின் செதில் ஒவ்வொன்றும் அமைப்பில் ஒரு பல்: உள்ளே கூழ், நடுவில் பல்திசு, மேலே எனாமல் போன்ற கடினப் பூச்சு. எல்லாம் வால் பக்கம் சாய்ந்திருக்கும். தலையிலிருந்து வாலுக்குத் தடவினால் வழவழப்பு, வாலிலிருந்து தலைக்குத் தடவினால் கையைக் கிழிக்கும். தச்சர்கள் உப்புத்தாள் வருவதற்கு முன்னால் இந்தத் தோலை வைத்து மரம் தேய்த்திருக்கிறார்கள்.

வாயில் இருக்கும் பல் இதே சரக்கின் பெரிய உருவம். வரிசை வரிசையாகப் பின்னால் காத்திருக்கும், முன்னது விழ விழ அடுத்தது நகர்ந்து வரும். ஆயுள் முழுக்க ஆயிரக்கணக்கில்.

மேட்டூர் அணையில் சுறா இருக்கிறது என்கிறார்களே?

இல்லை. மேட்டூரில் பெரிய வாயோடு வரும் வாளை மீனைச் சில ஆங்கிலப் புத்தகங்கள் 'நன்னீர்ச் சுறா' என்று எழுதிவிட்டன. அது ஒரு கெளுத்திச் சாதி. மீன்தொட்டிக் கடையில் விற்கும் 'பாலா ஷார்க்', 'ரெட் டெயில் ஷார்க்' இரண்டும் கெண்டைக் குடும்பம். இன்னொரு 'ஷார்க்' இருக்கிறது, வெள்ளி நிறத்தில் கூட்டமாக நீந்தும். அது பங்காசியஸ், ஹோட்டலில் முள்ளில்லாத பாசா மீன் என்று தட்டில் வருவது அதுதான். முதுகுத் துடுப்பு முக்கோணமாக இருந்தால் கடைக்காரருக்கு எல்லாமே ஷார்க்.

ஆற்றில் வாழும் சுறாவே இல்லையா என்றால், உண்டு. கங்கைச் சுறா என்று ஒன்று, அருகிப்போய்விட்டது. காளைச் சுறா என்று ஒன்று, கடலிலிருந்து ஆற்றுக்குள் ஏறி வரும். அமேசானில் பெரு நாடுவரை, கடலிலிருந்து மூவாயிரம் கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே போயிருக்கிறது. நல்ல தண்ணீருக்குள் வந்ததும் உடம்பின் யூரியாவைக் குறைத்துக்கொள்ளும் வித்தை அதற்குத் தெரியும். ஆனால் காவிரியில் அப்படி ஒன்று ஏறி வர வேண்டுமென்றால் கல்லணை, முக்கொம்பு என்று தாண்டி, 1934-இல் கட்டி முடித்த மேட்டூர்ச் சுவரையும் தாண்டியாக வேண்டும்.

முட்டையா, குட்டியா?

இரண்டும், இடையில் பலவும். மன்னார் வளைகுடாப் பாறைகளில் வாழும் சிறு சுறாக்கள் சில தோல்பை போன்ற முட்டை இடும். பல இனங்கள் முட்டையை வயிற்றுக்குள்ளேயே வைத்துப் பொரிக்கும். திருக்கை இந்த வகை, மஞ்சள் கரு தீர்ந்ததும் கருப்பை சுரக்கும் பால் போன்ற திரவத்தைக் குட்டிகள் குடிக்கும். பால் சுறாவும் ஸ்கோலியோடானும் நம்மைப் போலவே நஞ்சுக்கொடி கட்டிக் குட்டி வளர்ப்பவை. மணல் புலிச்சுறா என்ற இனத்தில் வயிற்றுக்குள்ளேயே பெரிய குட்டி சின்னக் குட்டிகளைத் தின்றுவிடும், கடைசியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டே வெளியே வரும்.

ஆண் துணையே இல்லாமல் குட்டி போட்டதும் உண்டு. 2001-இல் அமெரிக்காவின் ஒமாஹா விலங்குக் காட்சிசாலையில் கொம்பன் சுறா வகை ஒன்று பெண்களே இருந்த தொட்டியில் குட்டி ஈன்றது. தாயின் மரபணு மட்டுமே அதில் இருப்பது 2007-இல் உறுதியானது.

மார்க்கெட்டில் ஆணா பெண்ணா பார்க்க வயிற்றுத் துடுப்பைத் தூக்குங்கள். விரல் மாதிரி இரண்டு நீட்டிக்கொண்டிருந்தால் ஆண்.

அறிவியல் பெயரில் தமிழ் ஏதாவது உண்டா?

வாலில் கறுப்புப் புள்ளி உள்ள சுறா என்று மேலே சொன்னேனே, அதன் அறிவியல் பெயர் கார்க்கரைனஸ் சோர்ரா. 1839-இல் வைத்தது. அந்த 'சோர்ரா' நம் 'சுறா'தான், பிரெஞ்சுக்காரர்கள் நாக்கில் போய்த் திரும்பி வந்திருக்கிறது.

பழந்தமிழில் சுறவு. தை மாதத்துக்குச் சுறவம் என்று ஒரு பெயர் உண்டு, மகர ராசியின் மகரத்தைச் சுறாவாகக் கொண்டதால். பட்டினப்பாலையில் பரதவர் 'சினைச் சுறவின் கோடு' நட்டு வழிபடுகிறார்கள். கோடு என்றால் கொம்பு, அதாவது வேளாவின் ரம்பம். பல்லோடு நட்டு வைத்தால் பார்க்கவே தெய்வம் மாதிரிதான் இருக்கும். எனக்குப் பிடித்தது 'சினை' என்ற சொல். சுறவு வயிற்றில் சுமக்கும் மீன் என்பது நெய்தல் நிலத்துக்காரனுக்கு அப்போதே சாதாரண விஷயம்.

திருக்கை முள் குத்தினால் என்ன செய்வது?

வேளாங்கண்ணிக்கோ தனுஷ்கோடிக்கோ போகும் நம்மூர்க்காரர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாலின் மேல் அரம் போன்ற முள் ஒன்றோ இரண்டோ இருக்கும், அதை மூடிய தோலில் விஷம். மணலில் புதைந்து கிடக்கும் திருக்கையை மிதித்தால் வாலைச் சுழற்றும். ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடந்தால் அதுவே விலகிப் போய்விடும்.

குத்திவிட்டால், அந்த இடத்தைக் கை பொறுக்கும் சூடான வெந்நீரில் ஒரு மணி நேரம்போல வைத்திருக்க வேண்டும். விஷம் புரதம், சூட்டில் வீரியம் குறையும், வலி தணியும். கொதிநீர் கூடாது. பிறகு கட்டாயம் மருத்துவமனை. முள் துண்டு உள்ளே தங்கிச் சீழ் பிடிக்கும். நெஞ்சிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் முள்ளைப் பிடுங்காமல் உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள். தொலைக்காட்சியில் வனவிலங்கு நிகழ்ச்சி நடத்திய ஆஸ்திரேலியாவின் ஸ்டீவ் இர்வின் 2006-இல் இறந்தது மார்பில் பாய்ந்த திருக்கை முள்ளால்.

சேலத்துக்கு வரும் திருக்கையில் வாலே இருக்காது, படகிலேயே வெட்டிவிடுவார்கள். காய்ந்த திருக்கை வாலைச் சாட்டையாக வைத்திருந்த வீடுகளை என் தலைமுறை பார்த்திருக்கிறது. என் முதுகும் பார்த்திருக்கிறது.

மின்சாரம் பாய்ச்சும் திருக்கை நிஜமா?

நிஜம். பெரிய இனங்கள் 200 வோல்ட் வரை. நம் கரையில் கிடைப்பவை சின்னவை, ஒரு சுண்டு சுண்டும், அவ்வளவே. பண்டை ரோமாபுரியில் தலைவலிக்கு இதை நெற்றியில் வைத்திருக்கிறார்கள். மற்றச் சுறா, திருக்கைகள் மின்சாரம் பாய்ச்சாது, ஆனால் மோப்பம் பிடிக்கும். மூக்கைச் சுற்றி இருக்கும் சின்னச் சின்னத் துளைகள் அதற்குத்தான். லொரென்சினி என்ற இத்தாலியர் 1678-இல் அவற்றை விவரித்தார். மணலுக்குள் ஒளிந்திருக்கும் மீனின் இதயத்துடிப்பு கிளப்பும் மெல்லிய மின் அலை போதும், கண்டுபிடித்துவிடும்.

சுறாவுக்குப் புற்றுநோய் வராதாம், அதனால் அந்த எலும்பு மாத்திரை நல்லதாமே?

வரும். கட்டியோடு பிடிபட்ட சுறாக்கள் பதிவாகியிருக்கின்றன. மாத்திரையை நோயாளிகளிடம் சோதித்துப் பார்த்தார்கள், பலன் இல்லை. காசை மிச்சப்படுத்துங்கள்.

திமிங்கலச் சுறா திமிங்கலமா, சுறாவா?

சுறா. நம் கடற்கரைக்காரர்கள் அம்மணி உளுவை என்பார்கள். உலகிலேயே பெரிய மீன், பதினெட்டு மீட்டர் வரை பதிவு உண்டு, தின்பது மிதவை உயிரிகளையும் குட்டி மீன்களையும். வாலைப் பாருங்கள்: செங்குத்தாக நின்று பக்கவாட்டில் அசைந்தால் மீன், படுக்கையாக இருந்து மேலும் கீழும் அசைந்தால் திமிங்கலம்.

சுறா விற்பது சட்டப்படி குற்றமா?

எல்லாச் சுறாவும் இல்லை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 2001-இல் சில இனங்களைச் சேர்த்தார்கள்: திமிங்கலச் சுறா, கங்கைச் சுறா, வேளா மீன்கள், பெரிய உளுவை ஒன்று, முள் தோல் திருக்கை, பாண்டிச்சேரிச் சுறா முதலானவை. புலிக்கு என்ன பாதுகாப்போ அதே பாதுகாப்பு. 2022 திருத்தத்தில் பட்டியல் இன்னும் நீண்டது. துடுப்பை மட்டும் அறுத்துக்கொண்டு உடலைக் கடலில் வீசுவதை 2013-இல் தடுத்தார்கள், 2015-இல் துடுப்பு ஏற்றுமதியையே நிறுத்தினார்கள்.

பாண்டிச்சேரிச் சுறாவைப் பற்றி ஒரு வார்த்தை. நம் பக்கத்து ஊர்ப் பெயரைத் தாங்கிய இனம். உலக அருங்காட்சியகங்கள் எல்லாவற்றிலும் சேர்த்தே இருபது போலத்தான் மாதிரிகள். கடைசியாக உறுதியான பதிவு 1979. ஒரு மீட்டர் நீளம் வளரும், மெலிந்த சாம்பல் நிறச் சுறா. தலையை வெட்டிவிட்டால் அதுவும் பால் சுறாதான்.

கல்லூரியில் ஸ்கோலியோடானை அறுத்தோமே, அதை ஏன் தேர்ந்தெடுத்தார்கள்?

மலிவு, மேசையில் அடங்கும், முள் குத்தாது, நரம்பெல்லாம் மெத்தென்ற குருத்தெலும்பில் தெளிவாகத் தெரியும். அதோடு அதற்கு வழிகாட்டி நூல் இருந்தது. 1928-இல் அதை எழுதியவர் ஈ. எம். தில்லையம்பலம், தமிழ்ப் பெண்மணி. இந்தியா முழுக்க விலங்கியல் மாணவர்கள் சுறாவின் உள்ளுறுப்புகளைக் கற்றது அவர் வரைந்து காட்டிய வழியில். தேர்வில் எல்லோரும் பயந்தது கண் நரம்புகளுக்கு. எல்லோருக்கும் மார்க் வாங்கித் தந்தது குடலுக்குள் இருக்கும் சுருள் வால்வு, சுருட்டிய காகிதம் மாதிரி, அறுத்துத் திறந்தால் யாராலும் தவறவிட முடியாது.

பார்மலின் எரிச்சலில் கண்ணைத் துடைத்துக்கொண்டே அறுத்த அந்த மீன்களில் எத்தனை உண்மையில் ஸ்கோலியோடான் என்று இப்போது சந்தேகமாக இருக்கிறது. பால் சுறாவையும் ஒரு காலத்தில் அந்தப் பேரினத்தில்தான் வைத்திருந்தார்கள், பிரித்தது பிற்பாடு. ஆய்வகத்துக்குச் சப்ளை செய்தவரும் சின்னச் சுறா என்றுதான் வாங்கியிருப்பார். இப்போது அறுவை வகுப்புகள் நின்றுவிட்டன, நல்லதுதான்.

ஏற்காட்டில் சுறாப் பல் கிடைக்குமா?

காப்பித் தோட்டத்தில் வேலை செய்யும் ஒருவர் முக்கோணக் கல் ஒன்றைத் துணியில் முடிந்து கொண்டுவந்து காட்டினார். ஓரம் கூர்மை, நிறம் பால் வெள்ளை, பார்க்கச் சுறாப் பல்லேதான். வாங்கிப் பார்த்தால் வெள்ளைக் குவார்ட்ஸ் சில்லு.

சேர்வராயன் மலையின் பாறை சார்னோகைட், ஏறக்குறைய 250 கோடி ஆண்டுப் பழசு, பூமியின் ஆழத்தில் வெந்து உருமாறியது. சுறா வமிசம் நாற்பது கோடி ஆண்டுக்குச் சற்று மேல். மரங்கள் தோன்றுவதற்கு முன்பே சுறா வந்துவிட்டது, ஆனால் இந்த மலைக்கு முன்னால் அது நேற்றுப் பிறந்த குழந்தை. இந்தப் பாறை வேகும்போது உலகில் மீன் என்பதே கிடையாது.

சுறாப் பல் வேண்டுமானால் கிழக்கே போக வேண்டும் என்றேன். ஆத்தூர் வழியாகப் பெரம்பலூர் தாண்டினால் காரை, சாத்தனூர், அதற்கப்பால் அரியலூர். கிரிடேசியஸ் காலத்தில், சுமார் பதினோரு கோடியிலிருந்து ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன், அங்கே கடல் உள்ளே ஏறி வந்து நின்றது. சாத்தனூரில் 1940-இல் நிலவியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்த கல்மரம் இன்றும் படுத்துக் கிடக்கிறது. காரையின் களிமண் மேடுகளில் சுறாப் பற்கள் கிடைத்திருக்கின்றன. உடம்பு கிடைக்காது, குருத்தெலும்பு மக்கிப் போய்விடும். பல் மட்டும் நிற்கும், அதையும் ஒவ்வொரு சுறாவும் ஆயிரக்கணக்கில் உதிர்த்துவிட்டுப் போயிருக்கிறது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்ப இது பல்லு இல்லைங்களா சார்?" என்றார். இல்லை என்றேன். மறுபடியும் துணியில் முடிந்துகொண்டு, பேரனிடம் பல் என்றே சொல்லிக்கொள்கிறேன் என்று பஸ் ஏறிவிட்டார்.